எட்டாம் ஹென்றி: ஆறு திருமணங்களும் இங்கிலாந்துத் திருச்சபையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"விவாகரத்து கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு தனி மதம் தொடங்கிய ராஜா." எட்டாம் ஹென்றியைப் பற்றிப் பள்ளியில் படித்ததில் பலருக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். இதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. அவர் கேட்டது விவாகரத்து இல்லை. அவர் தொடங்கியது தனி மதமும் இல்லை. கோபம் மட்டுமே காரணமும் இல்லை. அந்த வரியிலிருந்து கிளம்பும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறோம். பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் முன்னால் சொன்ன பதில்களை நம்பி நிற்பவை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. யார் இந்த எட்டாம் ஹென்றி? எந்தக் காலத்து ஆள்?

இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தின் இரண்டாவது மன்னர். 1491 ஜூன் 28 அன்று கிரீனிச்சில் பிறந்தார். அப்பா ஏழாம் ஹென்றி 1485இல் போர்க்களத்தில் வென்று அரியணையைப் பிடித்தவர். ஆக, வம்சத்துக்கு வேர் பிடிக்க அவகாசம் போதவில்லை. "வாரிசு, வாரிசு" என்று ஹென்றி ஆயுள் முழுக்கத் தவித்ததற்கு இதுதான் அடிப்படை.

அவர் மூத்த மகன் அல்ல. அண்ணன் ஆர்தர் 1502 ஏப்ரலில் இறந்துபோனதால்தான் பட்டம் இவருக்கு வந்தது. 1509இல், 18 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது அரசரானார். 1547 ஜனவரி 28 அன்று 55 வயதில் இறந்தார். கிட்டத்தட்ட 38 ஆண்டு ஆட்சி.

2. ஆறு மனைவிகளையும் இவரே கொன்னுட்டாரா?

இல்லை. தலை வெட்டப்பட்டவர்கள் இருவர். வரிசை இது: அரகான் கேத்தரின் (1509இல் மணம், 1533இல் அது செல்லாது என்று தீர்ப்பு, 1536 ஜனவரியில் கிம்போல்டனில் இறந்தார்). ஆன் பொலின் (1533, 1536 மே 19இல் மரண தண்டனை). ஜேன் சீமோர் (1536, மகன் எட்வர்டைப் பெற்ற பன்னிரண்டாம் நாள், 1537 அக்டோபர் 24இல் இறந்தார்). கிளீவ்ஸ் ஆன் (1540 ஜனவரி, ஆறே மாதத்தில் செல்லாததானது). கேத்தரின் ஹாவர்ட் (1540 ஜூலை, 1542 பிப்ரவரி 13இல் மரண தண்டனை). கேத்தரின் பார் (1543, கணவர் இறந்த பிறகும் உயிரோடிருந்தார்).

ஆறு பேரில் மூன்று கேத்தரின், இரண்டு ஆன். குழப்பம் வருவது இயல்பு. அதனால் கீழே எல்லா இடத்திலும் முழுப் பெயரோ ஊர்ப் பெயரோ சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

3. அப்போ மத்தவங்களை டைவர்ஸ் பண்ணினார்னு சொல்லலாமா?

பேச்சு வழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சட்டப்படி அது தவறு. விவாகரத்து என்றால் திருமணம் நடந்தது உண்மை, இப்போது முறிகிறது என்று பொருள். ஹென்றி ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கியது "இந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது" என்ற தீர்ப்பு. அப்படி மூன்று திருமணங்கள் இல்லாமல் போயின: அரகான் கேத்தரின், ஆன் பொலின், கிளீவ்ஸ் ஆன். ஆன் பொலினைக் கொல்வதற்கு இரண்டு நாள் முன்பு, 1536 மே 17 அன்று, அந்தத் திருமணமும் ரத்தானது.

இது வெறும் சொல் வித்தியாசம் இல்லை. திருமணம் தொடக்கத்திலிருந்தே இல்லை என்றால் அதில் பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமையும் இல்லை. அரகான் கேத்தரினின் மகள் மேரியும் ஆன் பொலினின் மகள் எலிசபெத்தும் ஆளுக்கு ஒருமுறை இளவரசிப் பட்டத்தை இழந்தது இதனால்தான். தமது சட்டத்தின் கணக்குப்படி ஹென்றிக்கு மனைவியர் மூவரே.

4. அண்ணன் பெண்டாட்டியைக் கட்டினது பாவம்னு பதினெட்டு வருஷம் கழிச்சா தெரிஞ்சுது?

நியாயமான கேள்வி. அரகான் கேத்தரின் 1501 நவம்பரில் ஆர்தரை மணந்தார். ஐந்தே மாதத்தில் ஆர்தர் இறந்தார். ஸ்பெயினுடனான உறவு கைவிட்டுப் போகக்கூடாது என்று தம்பிக்கு நிச்சயித்தார்கள். அதற்குப் போப் இரண்டாம் ஜூலியஸ் விதிவிலக்கு வழங்கினார். 1509 ஜூன் 11இல் திருமணம். கேத்தரின் குறைந்தது ஆறு முறை கருவுற்றார். 1511 புத்தாண்டன்று பிறந்த ஆண் குழந்தை 52 நாள் மட்டுமே இருந்தது. பிழைத்து வளர்ந்தது 1516இல் பிறந்த மேரி ஒருவர்தான்.

சகோதரன் மனைவியை எடுப்பவர்கள் பிள்ளையற்றிருப்பார்கள் என்று லேவியராகமம் 20:21 சொல்கிறது. மகள் இருக்கிறாளே என்றால், "பிள்ளை" என்றது ஆண் பிள்ளையைத்தான் என்று ஹென்றி பொருள் கொண்டார். ஆனால் உபாகமம் 25:5, அண்ணன் வாரிசில்லாமல் இறந்தால் அவர் மனைவியைத் தம்பி கைப்பிடிக்க வேண்டும் என்கிறது. ஒரே வேதத்தில் இரண்டு வசனம்! ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களெல்லாம் வருடக்கணக்கில் வாதாடியது இதைப் பற்றித்தான். கேத்தரின் தரப்புக்கு இன்னொரு பதிலும் இருந்தது: ஆர்தரோடு தாம்பத்தியமே நடக்கவில்லை, ஆகவே தடையே இல்லை.

1527 வாக்கில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கேத்தரினுக்கு நாற்பது தாண்டியாகிவிட்டது. ஒரு பெண் அரியணை ஏறினால் உள்நாட்டுப் போர் வரும் என்ற பயம் இருந்தது (12ஆம் நூற்றாண்டில் மட்டில்டா காலத்தில் வந்திருக்கிறது). ஆன் பொலின்மேல் ஹென்றிக்குக் காதலும் முற்றியிருந்தது. மனசாட்சி வெறும் நடிப்பு என்று ஒதுக்குவது சரியாகத் தெரியவில்லை. அவர் அதை மனதார நம்பினார். தமக்குத் தேவையானது எதுவோ அதையே தேவ சித்தம் என்று நம்பிவிடக்கூடிய மனம் அவருடையது, கடைசிவரை.

5. மத்த ராஜாக்களுக்கெல்லாம் கொடுத்த போப், இவருக்கு மட்டும் ஏன் மறுத்தார்?

கொடுத்தது உண்மைதான். பிரான்சின் பன்னிரண்டாம் லூயிக்கு 1498இல் கிடைத்தது. ஹென்றியின் சொந்த அக்கா மார்கரெட்டுக்கு இதே போப் ஏழாம் கிளமென்ட் 1527இல் வழங்கினார். ஆனால் 1527 மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸின் படை ரோம் நகரைச் சூறையாடியது. போப் கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டார். அந்த சார்ல்ஸ், அரகான் கேத்தரினின் அக்கா மகன். சித்தியை அவமானப்படுத்தும் தீர்ப்பில் அந்த நிலையில் போப் எப்படிக் கையெழுத்திடுவார்?

சட்டச் சிக்கலும் இருந்தது. ஹென்றி கேட்டதைக் கொடுத்தால், "முன்னால் இருந்த போப்புக்கு அந்த விதிவிலக்கைத் தரும் அதிகாரமே இல்லை" என்று ஒரு போப்பே ஒப்புக்கொண்டதாக ஆகும். ஜெர்மனியில் லூத்தர் போப்பின் அதிகாரத்தையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் கிளமென்ட் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, நாள் கடத்தினார்.

1529இல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தில் விசாரணை கூடியது. நீதிபதிகள் வுல்சி, ரோமிலிருந்து வந்த கம்பேஜியோ என்ற இரு கர்தினால்கள். ஜூன் 21 அன்று கேத்தரின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் நீதிபதிகளிடம் போகவில்லை. நேராக நடந்துபோய்க் கணவர் முன் மண்டியிட்டு, தாம் கன்னியாகவே அவரிடம் வந்ததை அவர் மனசாட்சியே அறியும் என்றார். ரோமுக்கு மேல்முறையீடு செய்வதாகச் சொல்லி எழுந்து வெளியே போனார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் வரவில்லை. ஜூலையில் கம்பேஜியோ, ரோம் நீதிமன்ற விடுமுறையைக் காரணம் காட்டி விசாரணையைத் தள்ளிவைத்தார். அது மறுபடி கூடவே இல்லை.

6. எல்லாப் பெயரும் தாமஸ்னே வருது. யார் யாரு?

முக்கியமானவர்கள் நால்வர். தாமஸ் வுல்சி: கர்தினால், 1529 வரை முதல் மந்திரி போல. தீர்ப்பு வாங்கித் தராததால் வீழ்ந்தார், 1530இல் விசாரணைக்குக் கொண்டுவரும் வழியில் லெஸ்டரில் இறந்தார். தாமஸ் மோர்: சட்ட அறிஞர், அடுத்த சான்சலர், கத்தோலிக்கத் தலைமையை விடாதவர். தாமஸ் கிராம்வெல்: பட்னியைச் சேர்ந்த ஒரு கொல்லர் மகன் என்று அறியப்படுபவர். சட்டங்களை வரைந்து நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியவர் இவர்தான். தாமஸ் கிரான்மர்: 1533இலிருந்து கேன்டர்பரி பேராயர்.

ஆலிவர் கிராம்வெல் வேறு ஆள். நூறு வருடம் கழித்து வந்தவர், தாமஸ் கிராம்வெல்லின் சகோதரி வழி வந்த குடும்பம்.

7. ரோமை விட்டுப் பிரிஞ்சது ஒரே நாள்ல நடந்துச்சா? எந்தச் சட்டத்துல?

ஒரே நாளில் இல்லை. ஒவ்வொரு திருகாக இறுக்கினார்கள். 1531இல், அந்நிய அதிகாரத்துக்கு உடன்பட்டதாகப் பழைய சட்டம் ஒன்றைக் காட்டி மதகுருமார் மொத்தப் பேரையும் குற்றவாளிகளாக்கினார்கள். மன்னிப்புக்கு விலை கேன்டர்பரி மாகாணத்துக்கு மட்டும் 1,00,000 பவுண்டு. கூடவே அரசரைத் தலைவர் என்று ஏற்க வேண்டும். "கிறிஸ்துவின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வாலைச் சேர்த்துத்தான் ஏற்றார்கள். 1532 மே 15இல் அரசர் ஒப்புதலின்றித் திருச்சபைச் சட்டம் இயற்றுவதில்லை என்று மதகுருமார் பணிந்தார்கள். மறுநாளே மோர் பதவி விலகினார்.

திருப்புமுனை 1533இன் மேல்முறையீட்டுத் தடைச் சட்டம். இங்கிலாந்து ஒரு பேரரசு, அதன் வழக்குகள் வெளியே போகக்கூடாது என்பது அதன் சாரம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஜனவரியில் ஹென்றி ஆன் பொலினை ரகசியமாக மணந்துவிட்டார், அவர் கருவுற்றும் இருந்தார். கேத்தரின் ரோமுக்குப் போனால் எல்லாம் பாழ். அந்தக் கதவை இந்தச் சட்டம் அடைத்தது. மே 23 அன்று டன்ஸ்டபிளில் கிரான்மர் பழைய திருமணம் செல்லாது என்றார், 28 அன்று புதியது செல்லும் என்றார், ஜூன் 1 அன்று ஆன் பொலினுக்கு முடிசூட்டு விழா. செப்டம்பர் 7இல் எலிசபெத் பிறந்தார்.

1534 நவம்பரில் நிறைவேறிய தலைமைச் சட்டம் அரசரைத் திருச்சபையின் தலைவர் என்று வாலில்லாமல் அறிவித்தது. நாடாளுமன்றம் அவரைத் தலைவராக்கவில்லை, ஏற்கெனவே தலைவர்தான் என்று ஒப்புக்கொண்டது என்பது அதன் வாசகத்திலுள்ள நுட்பம். அதே காலத்து ராஜத்துரோகச் சட்டத்தின்படி, அரசரின் பட்டங்களைப் பறிக்கும் எண்ணத்தோடு வாயால் பேசினாலே மரண தண்டனை. ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த முதல் வருட வருமான வரி நிற்கவில்லை. அரசருக்குப் போனது, கூடவே ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கும் சேர்ந்தது.

8. அப்போ இவர்தான் இங்கிலாந்தின் முதல் புராட்டஸ்டன்ட் ராஜா, சரியா?

இல்லை. இதுதான் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது. ஹென்றி விலக்கியது போப்பை, திருப்பலியை (கத்தோலிக்கப் பூசையை) அல்ல. 1539இன் ஆறு விதிச் சட்டத்தைப் பாருங்கள்: பூசையில் அப்பமும் திராட்சை ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன, பொதுமக்களுக்கு அப்பம் மட்டும் போதும், குருக்கள் மணக்கக்கூடாது, கற்பு வாக்குறுதியை மீறக்கூடாது, தனிப் பூசைகள் தொடரும், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) தொடரும். முதல் விதியை மறுத்தால் உயிரோடு எரிப்பார்கள். ரகசியமாக மணந்திருந்த பேராயர் கிரான்மரே தம் மனைவியை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆறு பேர் ஒன்றாகக் கொல்லப்பட்டார்கள். மூவர் லூத்தர் பக்கம் சாய்ந்தவர்கள், மதத் துரோகம் என்று எரிக்கப்பட்டார்கள். மூவர் போப்பின் பக்கம் நின்றவர்கள், ராஜத்துரோகம் என்று தூக்கிலிட்டு வெட்டப்பட்டார்கள். ஹென்றியின் சமயக் கொள்கையை இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது. தமது ஆன்மாவுக்காக என்றென்றும் பூசை வைக்கும்படி உயில் எழுதிவிட்டுத்தான் இறந்தார்.

இங்கிலாந்து உண்மையில் புராட்டஸ்டன்டானது மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில். 1549இல்தான் ஆங்கிலப் பொது ஜெப நூல் வந்தது. மேரி 1553க்குப் பிறகு நாட்டை ரோமோடு மறுபடி சேர்த்தார். எலிசபெத் 1559இல் திரும்பப் பிரித்தார். அவர் எடுத்துக்கொண்ட பட்டம் "தலைவர்" அல்ல, "உயர் ஆளுநர்". இன்றுவரை அதுதான்.

9. போப்பே இவருக்கு 'விசுவாசக் காவலர்'னு பட்டம் கொடுத்தாராமே! பிறகு திரும்ப வாங்கலையா?

கொடுத்தது 1521இல், போப் பத்தாம் லியோ. லூத்தரை எதிர்த்து ஏழு திருவருட்சாதனங்களை (கத்தோலிக்கப் புனிதச் சடங்குகளை) ஆதரித்து ஹென்றி லத்தீனில் எழுதிய நூலுக்காக. அந்த நூலில் போப்பின் அதிகாரத்தை ஓங்கித் தூக்கிப் பிடித்திருந்தார். அது பின்னாளில் அவருக்கே சங்கடமானது.

போப் மூன்றாம் பால் 1538 டிசம்பரில் ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையை நடைமுறைப்படுத்தினார். ஹென்றி பட்டத்தை விடவில்லை. அதை ஆங்கில நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தமதாக்கிக்கொண்டார். இன்றைய பிரிட்டிஷ் நாணயத்தில் மன்னர் தலையைச் சுற்றியுள்ள 'எஃப் டி' என்ற இரண்டு எழுத்து அந்தப் பட்டத்தின் லத்தீன் சுருக்கம்தான்.

10. ராஜா, போப் சண்டை சரி. சாதாரண ஜனங்களுக்குக் கோவில்ல என்ன மாறிச்சு?

1536இல் திருநாட்களைக் குறைத்தார்கள். குறிப்பாக ஜூலை முதல் செப்டம்பர் இறுதிவரை அறுவடை நேரத்துத் திருநாட்கள் பல போயின. 1538இல் சுரூபங்களின் (ஆலயச் சிலைகளின்) முன் விளக்கேற்றத் தடை வந்தது. யாத்திரைகள் நின்றன. கேன்டர்பரியில் புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறைப் பேழை இடிக்கப்பட்டு அதன் பொன்னும் மணியும் அரசுக் கருவூலத்துக்குப் போயின. அரசரை எதிர்த்துத் திருச்சபைக்காக உயிர்விட்ட ஒருவரை மக்கள் வணங்குவது ஹென்றிக்கு ஆகாது.

1538 ஆணையில் இரண்டு விஷயங்கள் நிலைத்தன. ஒன்று, ஒவ்வொரு பங்கும் (ஓர் ஆலயத்துக்குட்பட்ட ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு இரட்டைப் பூட்டுள்ள பெட்டியில் இருக்க வேண்டும், ஒரு சாவி குருவிடம், மற்றது பங்குப் பொறுப்பாளர்களிடம். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று ஜனங்கள் அஞ்சினார்கள். இன்று இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இந்தப் பதிவேடுகளைத்தான்.

இரண்டு, ஒவ்வொரு ஆலயத்திலும் ஆங்கில வேதாகமம். செலவில் பாதி குரு, பாதி மக்கள். 1539இல் அச்சான பெரிய வேதாகமத்தின் முகப்புப் படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். உச்சியில் ஹென்றி சிம்மாசனத்தில் உட்கார்ந்து இரு கைகளாலும் வேதத்தைக் கொடுக்கிறார், ஒருபுறம் ஆயர்களுக்கு, மறுபுறம் பிரபுக்களுக்கு. அவருக்கு மேலே இருக்கும் கடவுளுக்கு இடம் போதாமல் நெருக்கியிருக்கிறது. நடுவில் கிரான்மரும் கிராம்வெல்லும் நூலைக் கீழே கடத்துகிறார்கள். அடியில் கூட்டம் "அரசர் வாழ்க" என்கிறது. கிராம்வெல்லின் தலை போன பிறகு வந்த பதிப்புகளில் அவரது சின்னத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டார்கள், வட்டம் வெறுமையாக நிற்கிறது.

அந்த வேதத்தையும் எல்லோரிடமும் விட்டுவைக்கவில்லை. 1543இல் வந்த சட்டம் கைத்தொழிலாளர், தொழில் பழகுநர், வேலையாட்கள், சாமானியப் பெண்கள் ஆங்கில வேதம் வாசிப்பதைத் தடை செய்தது.

11. மடங்களை ஏன் மூடினார்? அந்தச் சொத்தெல்லாம் எங்கே போச்சு?

1535இல் கிராம்வெல் நாடு முழுக்கத் திருச்சபைச் சொத்துக்குக் கணக்கெடுத்தார். 1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் கீழுள்ள மடங்களை மூடச் சட்டம் வந்தது. சொன்ன காரணம் ஒழுக்கக்கேடு. ஒழுக்கத்துக்கும் 200 பவுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டியதுதான். பெரிய மடங்களிலிருந்து "தாமாகவே" ஒப்படைக்கும் பத்திரங்களை வாங்கினார்கள். கடைசி மடமான வால்தம் 1540 மார்ச்சில் மூடப்பட்டது. நான்கே ஆண்டில் சுமார் 800 மடங்கள்.

நிர்வாகத்துக்கென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள். ஆட்கள் வந்ததும் முதலில் கூரையின் ஈயத்தைக் கழற்றி உருக்கிப் பாளமாக்குவார்கள், மணிகளை இறக்குவார்கள். ஈயம் போன கூரைக்கு மழையே போதும். துறவியருக்கு ஆண்டுக்குச் சராசரி ஐந்து பவுண்டுச் சொச்சம் ஓய்வூதியம். கன்னியருக்கு அதைவிடக் குறைவு. எட்டாவது பதிலில் சொன்ன சட்டத்தால் அவர்கள் மணந்துகொள்ளவும் முடியாது. இந்தப் பெண்களின் நிலை போதிய அளவு பேசப்படுவதில்லை.

நிலம் அரசிடம் நிற்கவில்லை. பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் நடத்திய போர்களுக்காகப் பெரும்பகுதியை அவரே விற்றுத் தீர்த்தார். அதுவும் போதாமல் 1544க்குப் பிறகு வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலந்தார், 1546இல் வெள்ளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, விலைவாசி ஏறியது. மறுபுறம், மடத்து நிலத்தை வாங்கிய குடும்பங்கள் அதை விடத் தயாராக இல்லை. மேரி கத்தோலிக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் நிலத்தை மீட்க முடியவில்லை.

12. இவ்வளவு நடந்தும் யாரும் எதிர்க்கலையா?

எதிர்த்தார்கள். 1534இன் வாரிசு உறுதிமொழியை மறுத்த ஆயர் ஜான் ஃபிஷர் 1535 ஜூன் 22இலும், மோர் ஜூலை 6இலும் தலை வெட்டப்பட்டார்கள். வாரிசை நிர்ணயிக்க நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்று மோர் ஒப்புக்கொண்டார். போப்பின் அதிகாரத்தை மறுப்பதாக இருந்த உறுதிமொழியைத்தான் எடுக்க மறுத்தார், ஏன் என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பது சட்ட வழக்கு என்பதால் அது அவருக்குக் கேடயம். ரிச்சர்ட் ரிச் என்ற அதிகாரியின் சாட்சியம் அதை உடைத்தது. லண்டன் கார்த்தூசியத் துறவிகளுக்கு இன்னும் கொடிய சாவு.

பெரும் எழுச்சி 1536 அக்டோபரில் வடக்கே. ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமையில் சுமார் 30,000 பேர் கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் பொறித்த கொடியோடு திரண்டார்கள். அதைத் தடுக்க அரசரிடம் போதிய படை இல்லை. மன்னிப்பும் நாடாளுமன்றமும் தருவதாகச் சொல்லிக் கலைத்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வேறொரு சிறு கலகம் வந்ததைச் சாக்காக வைத்து வாக்கு மீறப்பட்டது. ஆஸ்க் யார்க் நகரில் சங்கிலியில் தொங்கவிடப்பட்டார்.

13. ஆன் பொலின் உண்மையிலேயே துரோகம் செய்தாரா? கல்யாணமே செல்லாதுன்னா அது எப்படித் துரோகம் ஆகும்?

செய்யவில்லை என்பதே இன்று பெரும்பாலான வரலாற்றாளர்களின் முடிவு. உடன்பிறந்த சகோதரர் ஜார்ஜ் பொலின் உட்பட ஐந்து ஆண்கள்மேல் குற்றம் சாட்டினார்கள். ஒப்புக்கொண்டவர் இசைக்கலைஞர் மார்க் ஸ்மீட்டன் மட்டும். குற்றப்பத்திரிகையின் தேதிகள் பல பொருந்தவில்லை. 1533 அக்டோபர் தொடக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்ததாக ஒன்று சொல்கிறது. ஆன் அப்போது எலிசபெத்தைப் பெற்றுக் கிரீனிச்சில் பிரசவ ஓய்வில் இருந்தார். ஆனுக்கு எதிரியான, பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸின் தூதர் சாப்புயிக்கே இந்தச் சாட்சியங்களில் நம்பிக்கை இல்லை.

இரண்டாவது கேள்வி கூர்மையானது. திருமணம் செல்லாதது என்றால் அவர் மனைவியே இல்லை, பிறகென்ன சோரம்? அரசு அந்த முரண்பாட்டைத் தீர்க்க முயலவே இல்லை. அரசரைக் கொல்லச் சதி என்ற குற்றச்சாட்டும் பத்திரிகையில் இருந்தது, ராஜத்துரோகத்துக்கு அது போதும். மே 15இல் தீர்ப்பு, 17இல் ரத்து, 19இல் தலை. பதினோராம் நாள் ஜேன் சீமோரோடு திருமணம்.

கேத்தரின் ஹாவர்ட் விஷயம் வேறு. திருமணத்துக்கு முந்தைய உறவு உண்மை. பின்னால் அரசவை ஊழியர் கல்பெப்பரோடு ரகசியச் சந்திப்புகளும் நடந்தன. வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். வழக்கு மன்றத்துக்கே போகாமல் நாடாளுமன்றச் சட்டத்தால் தண்டித்தார்கள். அந்தச் சட்டத்தை அரசர் நேரில் கேட்டு வருந்தக்கூடாது என்று, பிரதிநிதிகள் மூலம் ஒப்புதல் தரும் முறையை அப்போதுதான் உண்டாக்கினார்கள்.

14. கிளீவ்ஸ் ஆனைப் படத்துல பார்த்து ஏமாந்துட்டாராமே?

ஓவியர் ஹோல்பைன் பொய்யாக வரைந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர் தண்டிக்கப்படவும் இல்லை. குதிரை என்று கேலி செய்ததாகச் சொல்லும் பேச்சு பிற்காலத்தில் ஒட்டியது. 1540 புத்தாண்டன்று ராச்செஸ்டரில் ஹென்றி மாறுவேடத்தில் போய் நின்றார். ஆனுக்கு அடையாளம் தெரியவில்லை, பொருட்படுத்தவும் இல்லை. அங்கேயே மனம் முறிந்தது. பிரான்சும் சார்ல்ஸின் பேரரசும் கைகோத்திருந்ததால்தான் ஜெர்மன் சிற்றரசான கிளீவ்ஸின் உறவு தேவைப்பட்டது, அந்த நட்பு தளர்ந்ததும் தேவையும் போனது. ஆன் எதிர்க்காமல் ஒப்புக்கொண்டு ரிச்மண்ட் அரண்மனை, ஹீவர் கோட்டை உள்ளிட்ட சொத்துகளைப் பெற்று 1557 வரை வாழ்ந்தார். ஏற்பாடு செய்த கிராம்வெல்லுக்கு 1540 ஜூலை 28இல் தலை போனது.

15. 72,000 பேரைக் கொன்னாராம், உண்மையா?

அந்த எண் பிற்கால நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்தது, நம்பத்தக்கதல்ல. திருட்டு, கொலைக்கு வழக்கமான நீதிமன்றங்கள் தூக்கிலிட்டவர்களையும் சேர்த்தாலும் அது ஊகமே. ஆவணங்களை வைத்து எண்ணினால் 1532 முதல் 1540 வரை ராஜத்துரோகத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 300ஐச் சற்றுத் தாண்டுகிறார்கள். எண் சிறிதானதால் கொடுமை சிறிதாகிவிடாது. வாய்ச்சொல்லுக்கே சாவு என்ற ஏழாவது பதிலின் சட்டம்தான் நாட்டை அச்சத்தில் வைத்தது.

16. சின்ன வயசுல நல்லவர், பிறகு தலையில் அடிபட்டுக் கொடுங்கோலர் ஆனார்ங்கிறது சரியா?

1536 ஜனவரி 24இல் குதிரைமேல் ஈட்டிப் போட்டியில் விழுந்தது உண்மை. காலில் ஆறாத புண், நடமாட்டம் குறைவு, எடை கூடியது ஆகியவையும் உண்மை. இளமையில் 35 அங்குலத்தை ஒட்டியிருந்த இடுப்பு கடைசிக் காலக் கவசத்தில் 50 அங்குலத்தைத் தாண்டுகிறது. ஆனால் குணமே மாறியது என்று சொல்ல முடியாது. ஆட்சிக்கு வந்த மறுவருடமே, மக்கள் வெறுத்த வரி வசூல் அதிகாரிகளான எம்ப்சன், டட்லி இருவரையும் ராஜத்துரோகம் என்று தலை வெட்டிக் கைத்தட்டல் வாங்கியவர் அவர். மோரும் ஃபிஷரும் அந்த விபத்துக்கு முன்பே செத்தார்கள். பால்வினை நோய் என்ற கதைக்கும் சான்றில்லை. அதற்கு அன்று கொடுத்த பாதரச மருத்துவம் அவர் குறிப்புகளில் காணோம்.

கால் அகட்டி, தோள் விரித்து நம்மையே முறைக்கும் அந்தப் பிரபலமான தோற்றம் 1537இல் ஹோல்பைன் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்தது. சுவர் 1698 தீயில் போயிற்று, பிரதிகள் நிலைத்தன. கலகம் அடங்கி, வாரிசு வரவிருந்த ஆண்டில், தம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே தீர்மானித்த உருவம் அது.

17. வாரிசே இல்லைன்னு தள்ளின மகள்கள் எப்படி ராணி ஆனாங்க?

1544இன் வாரிசுச் சட்டம் எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று வரிசை வைத்தது. ஆனால் மூன்றாவது பதிலில் சொன்ன தீர்ப்புகளை ரத்து செய்யவில்லை. சட்டப்படி முறைதவறிப் பிறந்தவர்கள், அதே சட்டப்படி அரியணைக்கு உரியவர்கள்! மகள்களைத் தந்தையோடு நெருக்கியதில் கேத்தரின் பாருக்கும் பங்குண்டு.

18. நம்ம ஊர் சி.எஸ்.ஐ. சபை இந்த ராஜா தொடங்கினதுதானா?

நேரடியாக அல்ல. எலிசபெத் காலத்தில் வடிவம் பெற்ற ஆங்கிலிக்கன் திருச்சபை கிழக்கிந்தியக் கம்பெனியோடு இங்கே வந்தது. சென்னைக் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது, சென்னை, திருநெல்வேலி போன்ற ஆங்கிலிக்கன் பகுதிகளோடு மெதடிஸ்டுகளும், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் வழி வந்த சபைகளும் இணைந்தன. பேராயர் என்ற அமைப்பு ஆங்கிலிக்கன் வழியில் வந்தது. பிரிட்டிஷ் மன்னருக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் சி.எஸ்.ஐ. ஆதீனம் (திருமண்டலம்) அமெரிக்க மிஷன் வழி வந்தது, அங்குள்ள ஆங்கிலிக்கர்கள் இலங்கைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வழி லூத்தரன் சபை முற்றிலும் வேறு மரபு. அது, ஒன்பதாவது பதிலில் ஹென்றி நூல் எழுதி எதிர்த்த அதே லூத்தரின் மரபு.